கடையும் கடமையும்

கப்பல் வந்தது என்றால் எங்கள் தீவில் அடுக்களை நிறைந்தது என்று பொருள். சென்னையிலிருந்து புறப்பட்டு மூன்று நான்கு நாள் கடலில் மிதந்து வரும் கப்பல் ஹாடோ துறைமுகத்தை அணையும்போது, அரிசியும் பருப்பும், மல்லியும் மிளகாயும், ஊரிலிருந்து உறவினர் எழுதிய கடிதங்களும் அந்நாளில் ஒருங்கே கரையிறங்கும். கப்பல் ஒரு வாரம் தாமதித்தால் வெங்காயம் பொன்னாகிவிடும். இத்தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டிய செய்தியன்று. போர்ட் பிளேர் என்று பல்லாண்டு அழைத்துப் பழகிய நம் ஊர் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயர் மாறிய பின்னும் கப்பலை நோக்கியிருக்கும் கண்கள் மாறவில்லை.

அவ்வாறு கப்பலேறி வந்த பொருள்களுள் ஒன்றைப் பற்றியே இம்மலரில் எழுத விழைகிறோம். தென்னையும் கமுகும் இம்மண்ணில் செழிக்கின்றன. வெற்றிலைக் கொடி வீட்டுக் கொல்லையிலேயே படர்கிறது. புகையிலையோ கடல் கடந்து வந்து, கடைக்காரர் கைவழியாகவே வீடுகளுக்குள் நுழைந்தது. அதை உள்ளே விட்ட கைக்கு, வெளியே நிறுத்தும் வலிமையும் உண்டா? சட்டம் கட்டளையிடாத இடத்தில், வணிகர் தாமாகவே முன்வந்து, 'இப்பொருள் எம் கடையில் இல்லை' என்று சொல்ல இயலுமா? சொன்னால் அதனால் விளையும் பயன் என்ன? இவ்வினாக்களை நாங்கள் நூல்களில் கற்கவில்லை. எங்கள் குடும்பத்துக் கடையிலேயே கற்றோம்.

ஹாடோவிலிருந்து அபர்டீன் கடைத்தெருவுக்கு ஏறும் சாலையில் எங்கள் பெரியப்பாவின் மளிகைக்கடை இருந்தது. நெல்லைச் சீமையில், தாமிரபரணிக் கரை முக்கூடலுக்கு அருகிலிருந்து 1960களில் கப்பலேறி வந்தவர் அவர். ஊராருக்கு அண்ணாச்சி. பள்ளி விட்டதும் அவர் மக்களும் தம்பி மக்களுமாகிய நாங்கள் கடையில் நிற்போம், பொட்டலம் மடிப்போம், பற்றுக் கணக்கு எழுதுவோம்.

கடை முகப்பில் ஒரு மரத்தூண். அதில் ஓர் ஆணி. ஆணியில் தேங்காய் நார்க் கயிறு ஒன்று தொங்கும். அதன் நுனியைக் காலையில் கொளுத்தி வைப்பது எங்கள் வேலை. சுடர்விடாமல், அணையாமல், இரவு வரை அது கனன்றுகொண்டே இருக்கும். துறைமுகத்தில் சுமை இறக்குவோரும், சாத்தம் மரமறுக்கும் ஆலைத் தொழிலாளரும் பீடிக் கட்டை வாங்கி, ஒன்றை உதட்டில் வைத்து, கயிற்றை இழுத்துப் பற்ற வைத்துக்கொண்டு போவார்கள். தீப்பெட்டி வாங்கக் காசில்லாதவருக்கும் நெருப்பு இலவசம். அதை ஓர் உபசாரம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

பீடியிலும் சிகரெட்டிலும் கிடைக்கும் ஊதியம் சிறிதே. ஆனால் பீடிக்கு வருபவர் நாள்தோறும் வருவார். வந்தவர் சோப்பும் தேயிலைத்தூளும் நம்மிடமே வாங்குவார். வணிகம் அறிந்தோர் இந்த இரகசியத்தை அறிவர். புகையிலை, கடைக்கு ஆள் அழைத்து வரும் சரக்கு. அதனாலேயே அதை விடுதல் அரிது.

இத்தீவுகளின் வரலாற்றைப் புரட்டும்போது, புகையிலை எப்போதும் இவ்வாறே, அதாவது அழைக்கும் சரக்காகவே, இங்கு வந்திருப்பதைக் காண்கிறோம். 1858இல் ஆங்கிலேயர் இங்கே கைதிகளின் குடியேற்றத்தை நிறுவும்வரை அந்தமான் பழங்குடியினர் புகையிலையை அறியார். அவர்களை வசப்படுத்தக் கொடுக்கப்பட்ட பரிசுகளுள் அதுவும் ஒன்று. சில ஆண்டுகளில் ஆணும் பெண்ணும் அதற்கு அடிமையாயினர் என்பதை அக்காலத்தில் இங்குப் பணியாற்றிய ஆங்கில அதிகாரிகளே எழுதி வைத்துள்ளனர். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் வாடிய அரசியல் கைதிகளின் நினைவுக் குறிப்புகளில், சிறைக்குள் புகையிலைத் துணுக்கே நாணயம்போல் புழங்கிய செய்தி உண்டு. நிக்கோபாரில் பணம் பரவாத நாளில், மக்கள் தேங்காயைக் கொடுத்து வணிகரிடம் பெற்ற பொருள்களுள் துணியோடும் அரிசியோடும் புகையிலையும் இருந்தது. நம் காலத்திலும், ஜாரவா மக்களுக்கு வெளியார் சிலர் புகையிலையையும் மதுவையும் கொடுத்துப் பழக்கியதாகச் செய்திகள் வந்தன. பரிசாகவும் கூலியாகவும் பண்டமாற்றாகவும் வந்த பொருள் இது. யாரும் இதைத் தேடிச் செல்லவில்லை. இதுதான் மக்களைத் தேடி வந்தது.

மீண்டும் கடைக்கு வருவோம். சுமை இறக்கும் தொழிலாளர் ஒருவர் எங்கள் கடைக்கு நாள் தவறாமல் வருவார். இராமநாதபுரம் பக்கத்துக்காரர். பீடி குறைவு, வாயில் எப்போதும் புகையிலை அடக்கியிருப்பார். எங்களில் சிறியவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, 'முதலாளி, இன்றைக்கு என்ன கணக்குப் படித்தீர்கள்?' என்று கேட்பார். 1986ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவர் பேச்சுக் குழறத் தொடங்கியது. கன்னத்துக்குள் ஆறாத புண். அது புற்றுநோய் என்று தெரிந்தபோது, கதிர்வீச்சுச் சிகிச்சைக்குச் சென்னை அடையாற்றுக்குத்தான் செல்ல வேண்டும் என்றார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய புற்றுநோய் நிலையம் அங்கே இருந்தது. ஆனால் இடையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல்.

பயணச் செலவுக்குப் பணம் திரட்டினார்கள். பெரியப்பாவும் கொடுத்தார். பிறகு அவர் பற்றுக் கணக்கை முடித்து வைக்க நோட்டை எடுத்துவரச் சொன்னார். நாங்கள் வரி வரியாகப் படித்தோம். அரிசி ஒரு படி, புகையிலை. மண்ணெண்ணெய் ஒரு புட்டி, புகையிலை. பிள்ளைக்குச் சிலேட்டு ஒன்று, புகையிலை. எல்லாம் எங்கள் கையெழுத்து. பெரியப்பா 'போதும்' என்றார். கடனைத் தள்ளிவிட்டார். ஆனால் அந்த நோட்டைப் பல நாள் மூடாமல் கல்லாப்பெட்டியின் மேலேயே வைத்திருந்தார்.

சென்றவர் தாடையின் ஒரு பாதியை இழந்து திரும்பி வந்தார். எட்டு மாதம் இருந்தார். அவர் மறைந்த மறுநாள் காலை நாங்கள் கயிற்றைக் கொளுத்தப் போனபோது ஆணி மட்டும் இருந்தது. பீடி, சிகரெட், மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி, மொத்த வியாபாரிக்கே பாதி விலைக்குத் திருப்பி அனுப்பியிருந்தார் பெரியப்பா. அறிவிப்புப் பலகை எதுவும் எழுதவில்லை. கேட்டவரிடம், 'நம்ம கடையில் அந்தச் சரக்கு இல்லை, தம்பி' என்பார்.

ஊர் சும்மா இருக்குமா? 'அண்ணாச்சி, நீங்கள் விற்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான். அவன் சாவதும் நிற்காது. உங்கள் வியாபாரம்தான் சாகும்' என்றார் அடுத்த கடைக்காரர். அவர் கூற்றில் பாதி உண்மையாயிற்று. ஓராண்டில் வரவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. எங்கள் அக்காவுக்கு வாங்குவதாக இருந்த தையல் எந்திரம் இரண்டாண்டு தள்ளிப்போனது.

அதைவிடக் கூர்மையான சொல் ஊரிலிருந்து வந்தது. முக்கூடல் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவதை நம்மில் பலர் அறிவோம். எங்கள் அத்தையும் அவ்வாறு சுற்றியே தம் பெண்களைப் படிக்க வைத்தார். அவர் எழுதினார்: 'அண்ணன் பாவம் என்று தள்ளிய இலையில்தான் எங்கள் உலை கொதிக்கிறது. நான் சுற்றுவது பாவமா என்று கேட்டு எழுதவும்.'

பெரியப்பா அக்கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். எழுதச் சொன்ன மறுமொழி இது: 'தங்கச்சி, உன் கை உழைப்பு பாவமன்று. உனக்கு வேறு வேலை கொடுக்க என்னால் இப்போது முடியவில்லை. அது என் குறை. உன் மூத்தவள் மேலே படிக்கும் செலவு என்னுடையது. அவள் முறத்தின் முன் உட்கார வேண்டாம்.' புகையிலையை விடச் சொல்பவர், அதைச் சுற்றிப் பிழைக்கும் கைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை அன்று நாங்கள் கற்றோம். அத்தை மகள் பின்னாளில் ஆசிரியையானார். அத்தை மட்டும் கண் மங்கும்வரை பீடி சுற்றினார். இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

மறைக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. பெரியப்பாவே வெற்றிலையோடு புகையிலை போடுபவர். விற்பதை நிறுத்தியவர் மெல்லுவதை நிறுத்தவில்லை! தம் கடையில் இல்லாததால், அடுத்த கடைக்கு நடந்து சென்று காசு கொடுத்து வாங்கி வருவார். அக்கடைக்காரர் சிரிப்பார், நாங்களும் ஒளிந்து நின்று சிரிப்போம். ஒருநாள் பெரியம்மா வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். அவர் சொன்ன விடையை நாங்கள் இன்றளவும் மறக்கவில்லை. 'கைக்குப் பக்கத்தில் இருந்தபோது நாளைக்குப் பத்துத் தடவை போட்டேன். இப்போது எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. கடையை யாரிடம் விட்டுப் போவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மூன்று தடவையாகக் குறைந்துவிட்டது.' அடுத்த ஆண்டு மூன்று ஒன்றாயிற்று. பின் அதுவும் இல்லையாயிற்று. மேசைமேல் கிராம்பும் ஏலக்காயும் ஒரு கிண்ணத்தில் இருந்தன.

அடுத்த கடைக்காரரின் வாதத்துக்கு விடை இதில் அடங்கியிருக்கிறது. கடைக்காரர் எவருடைய மன உறுதிக்கும் பொறுப்பாளர் அல்லர். ஆனால் கைக்கெட்டும் தொலைவுக்கு அவரே பொறுப்பாளர். பழக்கம் என்பது பெரும்பாலும் அருகில் இருப்பதை எடுப்பதுதான். இருபது அடி நடக்க வேண்டுமானால் சிலர் நடப்பர்; சிலர் சோம்புவர்; சிலர் நடக்கும்போதே திரும்பிவிடுவர். திரும்பியவர் ஒருவரே ஆயினும் அவர் வீட்டில் விளக்கெரியும்.

பிற்காலத்தில் சட்டமும் வந்தது. 2003ஆம் ஆண்டுச் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதையும், விளம்பரத்தையும் தடுத்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தலுக்கான தடை நாடெங்கும் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. 2016 முதல் பெட்டியின் இருபுறமும் 85 விழுக்காட்டு இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டது. இவை பெரிய செயல்களே. எனினும் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, இத்தீவுகளில் 15 வயது நிறைந்த ஆண்களுள் பாதிக்கு மேற்பட்டோரும், பெண்களுள் ஏறத்தாழ பத்தில் மூவரும் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவதாகக் காட்டியது. சட்டம் எல்லையை வரைகிறது. எல்லைக்கு உள்ளே, வயது வந்தவருக்கு விற்பதா வேண்டாமா என்பதை அது வணிகரிடமே விட்டுவிடுகிறது. அவ்வெளியில் அவரவர் கடைப்பிடிக்கும் கொள்கையே ஆட்சி செய்கிறது.

சட்டம் வருமுன்பே தாமாக எல்லை வகுத்த வணிகர் நம்மிடையே இருந்தனர். நம் ஊர்ச் சைவ உணவகங்கள் பலவற்றில் 'புகை பிடிக்காதீர்கள்' என்ற பலகை 2008க்கு நெடுங்காலம் முன்பே தொங்கியதை மூத்தோர் நினைவு கூர்வர். குடும்பத்தோடு வருவோர்க்காக, குழந்தைகளுக்காக, உணவின் மணத்துக்காக அவர்கள் வைத்த பலகை அது. அதனால் எந்த உணவகமும் மூடப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

பெருவணிகத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் சி.வி.எஸ். என்னும் மருந்துக்கடை நிறுவனம் 2014ஆம் ஆண்டில் தன் 7,600க்கும் மேற்பட்ட கடைகளில் புகையிலை விற்பனையை நிறுத்தியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் விற்பனையை இழக்க நேரும் என்று அந்நிறுவனமே அறிவித்துவிட்டு நிறுத்தியது. நோய்க்கு மருந்து விற்கும் இடத்தில் நோயையும் விற்பது பொருந்தாது என்பதே அதன் கருத்து. அக்கடைகளில் மட்டுமே சிகரெட் வாங்கி வந்தோர் அதை வாங்குவதையே நிறுத்தும் வாய்ப்பு, மற்றவரைவிட 38 விழுக்காடு மிகுந்திருந்ததாக அந்நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர். பெரியப்பாவின் 'எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது' என்ற சொல்லுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சான்று என்று இதை எண்ணி மகிழ்ந்தோம்.

நம் உள்ளத்தை மேலும் தொட்ட செய்தி அருகிலுள்ள இலங்கையிலிருந்து வந்தது. நம்மவருள் சிலர் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் அந்நாட்டை விட்டு வந்து, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறியவர்கள். அந்நாட்டில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஊர் ஊராகச் சென்று கடைக்காரர்களோடு பேசி, எவ்விதச் சட்டக் கட்டாயமும் இன்றிச் சிகரெட் விற்பனையைக் கைவிடச் செய்தனர். 2019ஆம் ஆண்டளவில் இவ்வாறு விற்பனை நின்ற ஊர்கள் நூற்றுக்கும் மேல். மாவட்டங்களுள் யாழ்ப்பாணம் முன்னணியில் நின்றது. யாழ்ப்பாணம் எது? புகையிலையால் வாழ்ந்த மண்! ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கடல்வழியே புகையிலை அனுப்பிப் பொருளீட்டிய நாடு. சுருட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற நாடு. அங்கே வணிகர் ஓர் ஊராகக் கூடி 'விற்க மாட்டோம்' என்றனர் எனில், அது எளிய செயலன்று.

அங்கு நிகழ்ந்ததற்கும் எங்கள் பெரியப்பா செய்ததற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர் தனியாக நின்றார், இழந்தார். அவர்கள் தெருவாக நின்றனர், இழப்பைப் பகிர்ந்துகொண்டனர். ஒரு கடை மட்டும் விலக்கினால் அது நோன்பு. தெருவே விலக்கினால் அது வழக்கம். நோன்பு நோற்க எல்லாராலும் இயலாது. வழக்கத்தில் வாழ எல்லாராலும் இயலும். அடுத்த கடைக்கு இருபது அடி என்பது அடுத்த தெருவுக்கு இருநூறு அடி ஆகும்போது, திரும்பி வருவோர் தொகை பெருகும்.

கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்பது வள்ளுவர் கருத்து. பிறர் பொருளையே அவ்வாறு பேண வேண்டுமெனில், பிறர் உடலைப் பேணுவது பற்றிக் கூறவும் வேண்டுமோ? புகையிலையை வள்ளுவர் அறியார். அது மேலைக் கடல் கடந்து இந்நாட்டுக்கு வந்தது போர்ச்சுகீசியர் காலத்தில். பின்னர் அது நம்மோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பதற்குப் 'புகையிலை விடு தூது' என்று ஒரு சிற்றிலக்கியமே எழுந்ததே சான்று. தூது போன இலையைத் திருப்பி அனுப்பும் காலம் இது.

நம் தீவு வணிகப் பெருமக்களுக்குச் சில சொற்கள். முற்றிலும் விலக்க இயலாதவர் முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைக்கலாம். சிகரெட்டைச் சில்லறையாக, ஒன்றிரண்டாக விற்பதை விடலாம். ஒற்றை சிகரெட்டில்தான் சிறுவர் கை நனைகிறது. அப்பாவுக்கு வாங்க வந்தேன் என்று வரும் பிள்ளையைச் சட்டத்துக்காக மட்டுமன்றி அன்புக்காகவும் வெறுங்கையோடு அனுப்பலாம். கட்டட ஒப்பந்தக்காரர் தேநீரோடு பீடி கொடுக்கும் வழக்கத்தை மாற்றிச் சுண்டலோ வாழைப்பழமோ கொடுக்கலாம். சுற்றுலாப் படகுகளிலும், சுவராஜ் துவீப்பின் விடுதிகளிலும் புகையற்ற நெறியை விருந்தினர்க்கு முன்னரே அறிவிக்கலாம். ஆனால் புகைப்பவன் என்பதற்காக ஒரு தொழிலாளியை வேலையினின்று நீக்குவது கொள்கை அன்று, கொடுமை. விட விரும்புவோருக்கு மருத்துவமனை செல்ல அரைநாள் விடுப்பு கொடுப்பதும், 1800112356 என்னும் கட்டணமில்லா அரசு உதவி எண்ணைக் கடைச் சுவரில் எழுதி வைப்பதும் நல்ல கொள்கை.

பெரியப்பா இன்றில்லை. கடை இருக்கிறது, எங்களில் ஒருவர் நடத்துகிறார். அந்தச் சரக்கு இன்றும் அங்கே கிடையாது. பழைய மரத்தூணை மாற்றிச் சிமெண்டுத் தூண் எழுப்பியபோது, ஆணியை மட்டும் பிடுங்கி எடுத்துப் புதுத் தூணில் அடித்தோம். இப்போது அதில் கப்பல் வரும் நாள்களைக் குறித்து வைக்கும் நாட்காட்டி தொங்குகிறது. சிறு பிள்ளைகள் அதை எட்டிப் பிடித்து, ஊரிலிருந்து ஆச்சி வரும் கப்பல் எந்த நாளில் என்று விரலால் எண்ணிப் பார்க்கிறார்கள்.